தண்ணீர் ஊற்றிப் பார்த்த முதுகு

என் வேலையைத் தொடுகிற யாரையும் நான் நம்புவதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. களிமண்ணில் ஓர் உருவம் செய்து அச்சு எடுப்பவரிடம் கொடுத்துவிட்டால், அது திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. மூக்கைத் தேய்த்திருப்பாரோ, விரலிடுக்கை அடைத்திருப்பாரோ, போகிற போக்கில் தனக்கென்று இன்னொரு அச்சு எடுத்து வைத்துக்கொண்டிருப்பாரோ என்று இருந்த இடத்திலேயே குமைந்துகொண்டிருப்பேன். வீட்டில் இதை வியாதி என்பார்கள். வியாதிக்குக் காரணம் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு பட்டறையில் கொக்கு ஒன்றை வெண்கலத்தில் வார்க்கக் கொடுத்தேன். ஒன்றே ஒன்று என்று பேச்சு. அடுத்த வருஷம் உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போன இடத்தில், மண்டபத்தின் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் என் கொக்கு நின்றுகொண்டிருந்தது. அதன் அலகில் யாரோ ஈரத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

அதனால் எஃகுத் தகட்டில் எட்டடி உயரப் பெண் உருவம் ஒன்று செய்யும் வேலை வந்தபோது, சிலை வேலையே தெரியாத ஆட்களிடம் கொடுப்பதென்று முடிவு செய்தேன். தெரியாத ஆளுக்குத் திருடத் தோன்றாது என்று என் எண்ணம்.

அது ஒரு தனியார் கல்லூரி வளாகத்தில் வைப்பதற்கான சிற்பம். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, பார்ப்பவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பெண். முகம் கிடையாது. அந்த முதுகுதான் சிற்பமே. சாத்திய கதவு மாதிரி அது தட்டையாக இருக்க வேண்டும். எவ்வளவு கூப்பிட்டாலும் இவள் திரும்பமாட்டாள் என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். ஒன்றரை அடியில் மாதிரி செய்து கொண்டுபோய்க் காட்டினேன். கல்லூரி சார்பில் மூன்று பேர் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். வேலை முடிந்ததும் மூவரும் பட்டறைக்கே வந்து மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், மாறியிருந்தால் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். எனக்கு அந்த நிபந்தனை பிடித்தே இருந்தது. அந்த உருவத்தில் என் கை போட்ட கோட்டைத் தவிர வேறு யார் கோடும் இருக்கக்கூடாது என்பதுதான் எனக்கும் வேண்டியது.

பட்டறை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்தெரு ஒன்றில் இருந்தது. பால் டேங்க், கெமிக்கல் டேங்க் செய்கிற தகர ஷெட். தேர்வாய் கண்டிகை பக்கத்துக் கம்பெனிகளுக்கு டேங்குகள் இங்கிருந்துதான் லாரி ஏறும். ஓனருக்கு ஐம்பது வயதிருக்கும். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் ஃபிட்டராக இருந்துவிட்டு, சொந்தமாக ஷெட் போட்டவர். என் மாதிரியை மேசைமேல் வைத்ததும் அவர் அதைப் பார்க்கவில்லை. டேப்பை இழுத்து அளந்தார். இடுப்பு, தோள், முழங்கால், முதுகு என்று அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு, நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டார்.

"இதுக்குள்ள இன்னா ஊத்துவாங்க மேடம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஒன்றும் ஊற்றமாட்டார்கள், இது சிலை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மூடிய உருவம் ஒன்றைக் காலியாகவே வைத்திருப்பார்கள் என்பது அவருக்குப் புரிபடாத விஷயமாக இருந்தது. முன்னொரு சிற்பத்தில் பற்றவைத்த தையல் வழியாக மழைநீர் இறங்கி, உள்ளே இருந்த இரும்புச் சட்டம் துருப்பிடித்து, வெற்றிலை எச்சில் மாதிரி வெளியே வழிந்தது நினைவுக்கு வந்தது. அதனால் சொன்னேன்: "வெளியில நிக்கப்போற சிலைண்ணா. மழைத்தண்ணி ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு முக்கியம்." அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். இன்னும் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன், கையை வைத்து மறைத்த மாதிரி இருந்தது.

நான் இருப்பது கடம்பத்தூரில். அங்கே ரயிலேறி சென்ட்ரல் போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்துப் போய்ச் சேர அரை நாள் ஆகிவிடும். போனால் சொல்லாமல்தான் போவேன். சொல்லிவிட்டுப் போனால் பெருக்கிச் சுத்தம் செய்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள், பார்க்க வேண்டியது எதுவும் கண்ணில் படாது. வாரத்துக்கு ஒருமுறை, சில வாரம் இரண்டு முறை, நாள் மாற்றி நேரம் மாற்றிப் போனேன். மாதிரியையும் ஷெட்டில் விட்டு வைப்பதில்லை. கொக்குக்கு ஆன கதி இதற்கும் ஆகக்கூடாது என்று போர்வையில் சுற்றி, பையில் வைத்து, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்புவேன். கொருக்குப்பேட்டை வரும்போதெல்லாம் எதிரே இருக்கிறவர்கள் குழந்தைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

மாதிரியை நான் எடுத்துக்கொண்டு போய்விடுவதால் அவர்கள் அட்டையில் வடிவம் வெட்டி வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். ஒரு நாள் போனபோது சுவரோரமாக இரண்டு செட் அட்டைகள் சாத்தியிருந்தன. ஒரே தோள், ஒரே முழங்கால், இரண்டிரண்டு. இரண்டாவது பெண் எங்கே போகிறாள், எந்த மண்டபத்து வாசலுக்கு என்று மனசு ஓடிவிட்டது. ஓனரைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். முதல் செட்டைப் போன வாரம் நீங்கள்தான் மாதிரியோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனீர்கள், அதனால் இன்னொரு செட் வெட்டினோம், முந்தாநாள் நீங்களே பழையதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தீர்கள் என்றார். எல்லாம் உண்மை. ஆனாலும் ஒரு செட்டை என் கண் முன்னாலேயே கிழித்துப் போடச் சொன்னேன். கிழித்தார்கள். அன்றிலிருந்து நான் ஷெட்டுக்குள் நுழைந்ததும் பேச்சுச் சத்தம் குறையும்.

அங்கே ஆர்கான் வெல்டிங் செய்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். ஆந்திர எல்லையில் தடா பக்கத்துக்காரர், அறுபதை ஒட்டிய வயது, ஓனரையே நைனா என்றுதான் கூப்பிடுவார். என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் தலை தெரிந்தால் முகமூடியை இறக்கிவிட்டுக்கொள்வார். பேசாத ஆளை நான் இரட்டிப்பாகச் சந்தேகப்படுவேன். அவர் போட்ட தையலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு சுத்தம். அதுவும் எனக்கு உறுத்தியது. இவ்வளவு கை வந்தவர் இந்த டேங்க் ஷெட்டில் எதற்கு உட்கார்ந்திருக்கிறார், வெளியில் யாருக்காவது சிலை வேலை செய்துகொடுக்கிறாரோ என்று யோசித்தேன்.

முதுகுத் தகட்டை ஏற்றும் சமயத்தில்தான் பெரிய தகராறு வந்தது. உள்பக்கம் குறுக்கே நாலு இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்றார் ஓனர். கூடாது என்றேன். உள்ளே பற்றவைத்தால் அந்தச் சூடு வெளிப்பக்கம் கோடு கோடாகத் தெரியும். பாலிஷ் போட்டதும் நாலு பட்டையும் விலா எலும்பு மாதிரி எழும்பி நிற்கும். என் கதவில் யாரோ சட்டம் அடித்த மாதிரி ஆகிவிடும். தவிர, இரும்பைக் கூட்டிக் காட்டிப் பில்லை ஏற்றுவதற்காகச் சொல்கிறார் என்றும் நினைத்தேன். நினைத்ததை முகத்திலும் காட்டியிருப்பேன்.

"இவ்ளோ அகல தகடு, பிளாட்டா வுட்டா தாங்காது மேடம். சொல்லிட்டேன்," என்றார்.

இது டேங்க் இல்லை, இது எதைத் தாங்க வேண்டும் என்று கேட்டேன். பட்டை இல்லாமலேயே மூடினார்கள். மூடின அன்று முதுகின்மேல் இரும்பு ஸ்கேலை நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்தேன். கீழே ஒரு தாள்கூட நுழையவில்லை. எனக்கே நம்ப முடியாத அளவுக்குத் தட்டை. அன்று ஒரு நாள்தான் அந்த ஷெட்டிலிருந்து சிரித்த முகத்தோடு கிளம்பினேன்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை ஓனர் போன் செய்தார். வெள்ளிக்கிழமை கல்லூரிக்காரர்கள் வருவதாக ஏற்பாடு. பாலிஷ் ஓடுவதால் ஷெட் முழுக்கத் தூசி, மேடம் வியாழக்கிழமை வந்தால் போதும் என்றார். ஏழு மாதத்தில் ஒருமுறைகூட அந்த மனிதர் தூசியைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை முதல் வண்டியிலேயே ஏறிவிட்டேன்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். பாலிஷ் சத்தம் இல்லை, தூசியும் இல்லை. தரை முழுக்க ஈரம். நடுவில் மரக்கட்டைகளின் மேல் அவளைக் குப்புறப் படுக்க வைத்து, மேலே நீலத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். பார்க்க நன்றாகவே இல்லை. அடிப்பக்கத்தில் ஒரு குழாய் மாட்டியிருந்தது, அதில் அழுத்தத்தை முள்ளால் காட்டும் கேஜ், அதன் முனையில் கையால் அடிக்கிற பம்ப். ஓனர் ஓடி வந்தார். அவர் வருவதற்குள் தார்ப்பாயை இழுத்துவிட்டேன்.

முதுகு உப்பியிருந்தது.

கண்ணுக்கே தெரிந்தது, ஆனாலும் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்தேன். நடுமுதுகில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் ஊஞ்சலாடியது. ஓரத்தில் என் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. மூன்று நாளில் அவர்கள் வருகிறார்கள். கதவு மாதிரி இருக்கும் என்று சொல்லி ஒப்புதல் வாங்கிய முதுகு, கம்பளிக்குள் காற்றுப் புகுந்த மாதிரி எழும்பி நிற்கிறது. ஒரு வருஷ உழைப்பு கும்மிடிப்பூண்டி ஷெட்டில் குப்புறக் கிடந்தது. அழுதாலும் இவர்கள் முன்னால் அழக்கூடாது என்பதில் மட்டும் குறியாக இருந்தேன்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஷெட்டில் எந்த டேங்க் செய்தாலும், கடைசியில் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, மேலும் பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றி, தையலில் எங்காவது கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார்கள். என் பெண்ணுக்கும் அதைச் செய்திருக்கிறார்கள்.

இது சிலை என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கத்தினேன். யாரைக் கேட்டு ஊற்றினீர்கள் என்றேன். ஓனர் நோட்டை எடுத்து வந்து, முதல் நாள் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். மழைத்தண்ணி ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது என்று நான் சொன்னதை அப்படியே எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் தண்ணி டெஸ்ட் என்றும் குறித்து வைத்திருந்தார்.

"ஒரு சொட்டு போவக்கூடாதுன்னீங்க. போவாதுன்னு எப்டி தெரிஞ்சிக்கறது மேடம்? தண்ணி ஊத்தி பாத்தாதான தெரியும். டெஸ்ட் பண்ணாம என் ஷெட்ல இருந்து இதுவரிக்கும் எதுவும் போனதில்ல."

ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. எனக்கு அந்தப் பெருமைதான் தீயாகச் சுட்டது. தகடு தாங்காது என்று சொன்ன மனிதர் இவர். பட்டை வைக்கவிடாத பொம்பளைக்குத் தான் சொன்னது சரி என்று காட்டுவதற்காகவே பம்ப் அடித்திருக்கிறார் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். அதைச் சொல்லவும் செய்தேன். அவர் முகம் செத்துவிட்டது. முதுகை அறுத்தெடுத்துவிட்டுத் தன் செலவில் புதுத் தகடு போட்டுத் தருகிறேன், பத்து நாள் வேண்டும் என்றார். கல்லூரிக்குப் போன் செய்து தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். முடியாது, முதல்வர் வெளிநாடு போகிறார், வெள்ளிக்கிழமைதான் என்றார்கள். தண்ணீரை வடித்துவிட்டுப் பாலிஷை முடிக்கச் சொன்னேன். வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மாலை நானே நின்று அவளைச் சுவரோரமாக உட்கார வைத்தேன். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் இடம்தான் விட்டேன். முழங்கால்களும் கைகளும் மாதிரியில் இருந்தபடியே அச்சு அசலாக வந்திருந்தன. அவற்றைக் காட்டியே ஒப்பேற்றிவிடலாம் என்று திட்டம். வெள்ளிக்கிழமை காலையில் போனால் அவள் ஷெட்டின் நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தாள். முதுகில் வாசல் வெளிச்சம் முழுசாக விழுந்துகொண்டிருந்தது. ஓனர், சுவரோரம் இருட்டாக இருந்தது, விருந்தாளிகள் வருகிறார்களே என்று செயின் போட்டு நகர்த்தி வைத்தேன் என்றார். செவ்வாய்க்கிழமை நான் கத்தியதற்கு இது பதில் என்று எடுத்துக்கொண்டேன். திரும்ப நகர்த்த நேரமில்லை, கார் வந்துவிட்டது.

முதல்வர், கல்லூரியின் கட்டட இன்ஜினியர், ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, இந்த மூவர்தான். முதல்வர் சுற்றி வந்து போட்டோ எடுத்துக்கொண்டார். இன்ஜினியர் டேப் வைத்து உயரம் பார்த்தார், தோள் பார்த்தார், சரியாக இருக்கிறது என்று டிக் அடித்தார். அந்த அம்மா மட்டும் பின்னால் போய் நின்றுவிட்டார். ஸ்டூலில் இருந்த மாதிரியைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், மறுபடி மாதிரியைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன். கையிலிருந்த பையை இறக்கி வைத்துவிட்டு, உள்ளங்கையை அந்த முதுகின்மேல் வைத்தார்.

"சின்னதுல இவ நம்ம மேல கோவமா உட்கார்ந்திருந்தா," என்றார். "இதுல அழுகைய அடக்கிக்கிட்டு மூச்சப் பிடிச்சிருக்கா. இத எப்படிம்மா செஞ்சீங்க?"

ஓனர் நாலடி தள்ளி வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெல்டர் பெரியவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றிருந்தார். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. நடந்ததைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். டெஸ்டில் உப்பிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான், சிலை ஷெட்டிலேயே நின்றுவிடும்.

"பெருசா செய்யும்போது முதுகுக்கு மூச்சு வேணும்னு தோணுச்சும்மா. அதான் மாத்துனேன்," என்றேன்.

எவ்வளவு சரளமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அந்த அம்மா தலையாட்டினார். மாதிரியிலிருந்து மாறியிருக்கிறதே என்று இன்ஜினியர் இழுத்தார். மாறினதுதான் சிற்பம் என்று அந்த அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் அதை ஒரு தவறாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார வைத்த நிலையில், தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அந்த வளைவு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. அந்த அம்மா சொன்னது சரி. என் கதவைவிட இது நல்ல முதுகு. அது தெரிந்ததும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பொறாமை. இத்தனை வருஷம் கையைச் சேற்றில் வைத்திருந்தவளுக்கு வராதது ஒரு கைப்பம்புக்கு வந்துவிட்டதே என்று வயிறு எரிந்தது. ஓனரிடம் போய்வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சரிங்க மேடம் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஒன்றும் சொல்லாததுதான் அடுத்த ஆறு மாதம் என்னைத் தூங்கவிடவில்லை. என் குடுமி அவர் கையில் இருக்கிறது, எப்போது இழுப்பார் என்று காத்திருந்தேன். சிலையைப் பற்றிப் பத்திரிகையில் வந்தது. முதுகைத்தான் எல்லோரும் எழுதினார்கள். இன்று போன் வரும், நாளை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூ படம் மட்டும் அனுப்புவார். ஒரு நாள் ரோஜாவுக்குக் கீழே வாய்மையைப் பற்றி ஏதோ எழுதியிருந்தது. அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். அவர் தன் நம்பரில் இருக்கிற எல்லோருக்கும் அதையே அனுப்புகிறார் என்று தெரியாமல் இல்லை.

பிறகு ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். தோட்டத்தில் வைக்க இன்னொரு பெண் வேண்டும், உருவம் என் இஷ்டம், ஆனால் அந்த முதுகு கட்டாயம் வேண்டும் என்றார்கள். அந்த மூச்சு, என்றார்கள். களிமண்ணில் வளைத்துப் பார்த்தேன். தகட்டைத் தட்டி வளைக்கிற வேறு ஆளிடம் கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் மண்பானையாக வந்தது, முதுகாக வரவில்லை. கடைசியில் மீண்டும் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினேன். வாழ்க்கையில் முதல்முறையாக, வருகிறேன் என்று போன் செய்து சொல்லிவிட்டுப் போனேன்.

ஓனர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னேன். தண்ணீர் ஊற்றி, அதே மாதிரி உப்ப வைக்க வேண்டும் என்றேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் எடுத்து வந்தார்.

"எழுதிக் குடுத்துடுங்க மேடம். முதுவு உப்பணும்னு நீங்கதான் சொன்னீங்கன்னு."

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஆறு மாதமாக நான் அவருக்குப் பயந்துகொண்டிருந்த மாதிரி அவரும் எனக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். சரி என்று பேனாவை வாங்கினேன். தகட்டின் கனம் எழுதினேன், பட்டை வேண்டாம் என்று எழுதினேன். எவ்வளவு அழுத்தம் ஏற்ற வேண்டும் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அது எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கேஜில் முள் எங்கே நின்றது என்று அவரைக் கேட்டேன்.

"அன்னிக்கு யாரு மேடம் முள்ள பாத்தாங்க. முதுவு கெளம்புதுன்னு தெரிஞ்சதும் நான் பேஜாராயி வெளிய வந்துட்டேன். பெரியவருதான் கைய முதுவு மேல வெச்சிக்கினு நின்னாரு. கொஞ்சம் கொஞ்சமா அடிக்க சொன்னாரு. அப்பால சாலுன்னாரு, நிறுத்திட்டாங்க."

சாலு என்றால் தெலுங்கில் போதும். உப்ப ஆரம்பித்ததும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். "எப்டியும் உப்பிடுச்சு, அரகொறையா வுட்டா அசிங்கமா இருக்கும், ஒரு வடிவத்துக்கு கொண்டாந்து வுடலாம்னாரு," என்றார் ஓனர்.

ஷெட்டின் மறுகோடியில் பெரியவர் ஒரு டேங்க்குக்குப் பக்கத்தில் முகமூடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். நீல வெளிச்சம் விட்டு விட்டு அடித்தது. அதைச் செய்தது தவறும் இல்லை, பம்பும் இல்லை. அந்த முதுகை எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒரு வார்த்தை பேசாத மனிதருக்கு. வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த அம்மா கேட்டபோது கை நீட்டிக் காட்டியிருக்க வேண்டிய ஆள் நாலடியில் நின்றிருந்தார்.

பேனாவை எடுத்தேன். அழுத்தம் என்று எழுதி நிறுத்தியிருந்த இடத்தில், வெல்டர் பெரியவர் முதுகில் கை வைத்துப் பார்த்துப் போதும் என்று சொல்லும்வரை, என்று எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. முதல்முறையாக ஒரு நல்ல காரியம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தாளை ஓனரிடம் நீட்டினேன்.

அவர் மெதுவாகப் படித்தார். மறுபடி படித்தார். பெரியவர் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தாளை மேசைமேல் வைத்து என் பக்கமே தள்ளினார்.

"அந்த வரிய மட்டும் அடிச்சிடுங்க மேடம். வயசான மனுசன். நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா அவர் தலைல வெச்சிடுவீங்க."

இல்லை, இது அதற்காக எழுதவில்லை, அவருக்குப் பெருமை சேரத்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏழு மாதம் என்னைப் பார்த்த மனிதர் அவர். அட்டையைக் கிழிக்கச் சொன்னபோது கிழித்தவர், செவ்வாய்க்கிழமை நான் பேசியதையெல்லாம் நின்று கேட்டவர். நான் சொன்னால் அவர் ஏன் நம்ப வேண்டும்?

அந்த வரியை நானே அடித்தேன். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.